ஹோமுக்கு மட்டும் ரெய்டு: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பழைய இயங்குதளத்தை முற்றிலும் அழித்துவிட்டு லினக்ஸைப் புதிதாக நிறுவப் போவதாகவும், அந்தச் சாக்கில் உன்னிடமுள்ள இரண்டு 4 டெராபைட் வன்தட்டுகளையும் ரெய்டில், அதாவது பல வட்டுகளை ஒன்றாக இணைத்து இயக்கும் ஏற்பாட்டில், சேர்த்துவிடலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தாய். அண்மையில் நானும் இதே வேலையை என் மேசைக் கணினியில் செய்து முடித்தேன். வேலை இன்னும் நினைவில் பசுமையாக இருப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

எந்த வகை ரெய்டு நல்லது என்று நீ கேட்டிருக்கிறாய். அதைவிட, எதன்மேல் ரெய்டு போடுவது என்பதே முதலில் முடிவாக வேண்டும் என்பது என் எண்ணம். இயங்குதளம் கெட்டால் ஒரு பென் டிரைவும் ஓரிரு மணி நேரமும் இருந்தால் மீண்டும் நிறுவிவிடலாம். உன் படங்களையும், பல ஆண்டுகளாகச் சேர்த்த ஆவணங்களையும் அப்படித் திரும்பப் பெற முடியாது. ஆகவே இயங்குதளத்தை உன் சிறிய எஸ்எஸ்டியில் தனியாக, எந்த ரெய்டும் இல்லாமல் வைத்துக்கொள். இரண்டு வன்தட்டுகளையும் ரெய்டு 1 ஆக, அதாவது ஒன்றுக்கொன்று நகலாக அமைத்து, அதை உன் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறைக்கு மட்டும் கொடு. நான் செய்திருப்பதும் இதைத்தான். இனிமேல் எழுதப்போவதெல்லாம் ஏன் அப்படி, எப்படி என்பதற்கான விளக்கமே.

இயங்குதளத்தையும் ரெய்டில் வைத்தால் என்ன என்று நீ கேட்பாய். வைக்கலாம், லினக்ஸ் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் இன்றைய கணினி இயங்கத் தொடங்கும்போது முதலில் விழித்துக்கொள்வது மதர்போர்டில் உள்ள யூஇஎஃப்ஐ நிரல். அதற்கு லினக்ஸின் மென்பொருள் ரெய்டைப் பற்றி எதுவும் தெரியாது. ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யப்பட்ட இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்ற சிறிய வட்டுப் பகுதியைத் தேடி, இயங்குதளத்தை எழுப்புவதற்காக அங்கிருக்கும் பூட் லோடரை ஓட்ட மட்டுமே தெரியும். எனவே மற்ற எல்லாவற்றையும் இரட்டிப்பாக வைத்தாலும் அந்தப் பார்ட்டிஷன் ஒற்றையாகவே நிற்கும். அது இருக்கும் வட்டு போனால், தரவு முழுவதும் மற்ற வட்டில் நலமாக இருக்க, கணினி மட்டும் எழுந்திருக்காது. ரெய்டின் அடையாளக் குறிப்பை வட்டின் தொடக்கத்துக்கு அருகில் எழுதாமல் கடைசியில் எழுதும் 1.0 என்ற வடிவத்தைப் பயன்படுத்தி, அந்தப் பார்ட்டிஷனையும் நகலாக்கி யூஇஎஃப்ஐயை ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் யூஇஎஃப்ஐ தானாகவே அந்தப் பார்ட்டிஷனில் எதையாவது எழுதிவிட்டால், இரண்டு நகல்களும் வெவ்வேறாகிப் போனது லினக்ஸுக்குத் தெரியவே தெரியாது. ஒரு மேசைக் கணினிக்காக இத்தனை தலைவலியை வலியப் போய் வாங்கத் தேவையில்லை.

ரெய்டு 0 பற்றி இரண்டு வரி போதும். தரவை இரண்டு வட்டுகளுக்கும் பிரித்து எழுதும் அதில் வேகம் உண்டு, பாதுகாப்பு இல்லை. இரண்டில் எது போனாலும் எல்லாம் போகும். ஒரு வட்டு போனால் மீதமுள்ளவற்றிலிருந்து கணக்கிட்டு மீட்கும் ரெய்டு 5க்குக் குறைந்தது 3 வட்டுகள் வேண்டும் என்பதால் உனக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. ஆனாலும் பின்னால் மூன்றாவது வட்டு வாங்கும் ஆசை வந்தால் ஒன்றை நினைவில் வை. சாதாரண வன்தட்டுகள் பலவற்றின் விவரக் குறிப்பில், 10 இன் 14ஆம் அடுக்கு எண்ணிக்கையிலான பிட்டுகளைப் படிக்கும்போது அதிகபட்சம் ஒரு முறை படிக்க முடியாத பிழை வரலாம் என்று போட்டிருப்பார்கள். அது ஏறக்குறைய 12.5 டெராபைட். நடைமுறையில் வட்டுகள் இதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன என்றாலும், ஒரு வட்டு இறந்தபின் மீதமுள்ள எல்லா வட்டுகளையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டிய ரெய்டு 5இல் இந்த எண்ணை அலட்சியம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

ரெய்டு என்ற யோசனையை 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் ஆகிய மூவரும் முன்வைத்தபோது, பெரிய கணினிகளின் விலையுயர்ந்த ஒற்றை வட்டுக்குப் பதிலாக மலிவான சிறிய வட்டுகள் பலவற்றைச் சேர்த்துப் பயன்படுத்துவதே நோக்கமாக இருந்தது. வட்டுகள் கூடக்கூட அவற்றில் ஏதோ ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடும் என்பதால்தான் கூடுதல் நகல் தேவைப்பட்டது. வட்டு ஒன்று போனாலும் வேலை நிற்காமல் ஓட வேண்டும் என்ற தேவைக்குப் பிறந்த ஏற்பாடு இது. பேக்கப்புக்கு மாற்றாக அதை யாரும் உருவாக்கவில்லை.

உன் மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் ரெய்டு என்று ஒரு தெரிவு இருப்பதாக எழுதியிருந்தாய். அதைத் தொடாதே. பெயர் என்னவோ வன்பொருள் ரெய்டு போலத் தோன்றினாலும், உண்மையில் வேலை முழுவதையும் செய்வது இயங்குதளத்தின் டிரைவரும் உன் பிராசசரும்தான். மதர்போர்டு பழுதாகி வேறு வகை போர்டு வாங்கினால், அந்த வட்டுகளை அது அடையாளம் கண்டுகொள்ளும் என்பதற்கு உறுதி கிடையாது. லினக்ஸின் மென்பொருள் ரெய்டோ, வட்டுகளை எந்தக் கணினியில் மாட்டினாலும் எழுந்து நிற்கும். ஆகவே பயாஸில் வட்டுகளைத் தனித்தனியே காட்டும் ஏஹெச்சிஐ என்ற நிலையிலேயே விட்டுவிடு. விண்டோஸும் அதே கணினியில் இருக்குமானால் இன்னொரு காரணமும் உண்டு: நிறுவி முடித்த பிறகு இந்தத் தெரிவை மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடுவது வழக்கம்.

எந்த இன்ஸ்டாலர் என்பதும் முக்கியம். டெபியன், ஃபெடோரா ஆகியவற்றின் இன்ஸ்டாலர்களிலேயே ரெய்டு அமைக்க வசதி உண்டு. உபுண்டுவில் அந்த வசதியைக் கொண்டிருந்த ஆல்டர்நேட் என்ற தனி இன்ஸ்டாலர் வட்டு 2012இல் 12.10 பதிப்போடு நிறுத்தப்பட்டது; இப்போது அவர்களுடைய சர்வர் இன்ஸ்டாலரில்தான் அதைப் பார்க்கலாம். ஆனால் நான் சொல்லும் முறையில் இன்ஸ்டாலரை நம்பியிருக்கவே வேண்டாம். இரண்டு வன்தட்டுகளின் கேபிள்களையும் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டி மட்டும் இருக்கும் நிலையில் இயங்குதளத்தை நிறுவு. தவறான வட்டை ஃபார்மட் செய்யும் வாய்ப்பையே அது இல்லாமல் செய்துவிடுகிறது. இயங்குதளம் நன்றாக ஓடுகிறது என்று தெரிந்தபின் கணினியை நிறுத்தி, வட்டுகளை மாட்டி, ரெய்டை முனையத்திலிருந்து அமைத்துக்கொள்ளலாம். மாட்டும்போது ஒவ்வொரு வட்டின் சீரியல் எண்ணையும் ஒரு தாளில் எழுதி அதன்மேல் ஒட்டிவிடு. லினக்ஸ் வட்டுகளுக்குச் சூட்டும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ஒவ்வொரு முறை கணினியை இயக்கும்போதும் மாறக்கூடியவை. சீரியல் எண் மாறாது.

இரண்டு வட்டுகளில் ஒன்றில் ஏற்கெனவே உன் படங்கள் நிரம்பியிருக்கின்றன என்றாயே, அதற்கும் வழி இருக்கிறது. ரெய்டை உருவாக்கும் எம்டிஅட்ம் கட்டளையில், இரண்டாவது வட்டின் பெயர் வர வேண்டிய இடத்தில் ‘மிஸ்ஸிங்’ என்று கொடுக்கலாம். காலி வட்டை மட்டும் வைத்து, ஒரு கால் இல்லாத ரெய்டாக அது உருவாகும். அதை ஃபார்மட் செய்து, படங்களை அதில் நகலெடுத்து, திறந்து பார்த்துச் சரிபார்த்த பிறகு, பழைய வட்டை அதனோடு சேர். சேர்த்த அந்த நொடியிலிருந்து பழைய வட்டில் இருந்ததெல்லாம் மேலெழுதப்படும் என்பதால், அதற்கு முன்பே வெளி யூஎஸ்பி வட்டில் இன்னொரு நகல் இருந்தாக வேண்டும். ஒத்திசைவு முடிய நேரம் பிடிக்கும்: நொடிக்கு 150 மெகாபைட் வேகம் என்று வைத்துக்கொண்டாலும் 4 டெராபைட்டுக்கு ஏழரை மணி நேரம் ஆகும். அதுவரை கணினியைப் பயன்படுத்தலாம், தடையில்லை.

பார்ட்டிஷன் போடும்போது வட்டின் கடைசியில் ஒரு 100 மெகாபைட் அளவு காலியாக விட்டுவை. நாளை மாற்று வட்டு வாங்கும்போது அது ஓரிரு செக்டர் (வட்டின் மிகச் சிறு அலகு) குறைவாக இருந்தாலும் பொருந்தும். அமைப்பு விவரங்களை எம்டிஅட்மின் கான்ஃபிக் கோப்பில் எழுதி, லினக்ஸ் தொடங்கும்போது முதலில் ஏறும் சிறு கோப்பு முறைமையான இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதுப்பிக்க மறக்காதே. அதைச் செய்யாமல் விட்டால், எம்டி0 என்று நீ பெயரிட்ட ரெய்டு அடுத்த முறை எம்டி127 என்ற பெயரில் வந்து நிற்கக்கூடும். எதை எந்தக் கோப்புறையில் இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், பெயருக்குப் பதிலாக மாறாத அடையாள எண்ணான யூயூஐடியைக் கொடுத்திருந்தால் அதுவும் உன்னைப் பாதிக்காது.

இந்தக் கடிதத்தில் நீ கவனமாகப் படிக்க வேண்டியது அடுத்த பகுதி. இது இன்றைய நிறுவலுக்கானது அன்று. இன்னும் சில ஆண்டுகள் கழித்து, ரெய்டு ஏற்கெனவே இருக்கும் கணினியில் இயங்குதளத்தை மறுபடி நிறுவப் போகிறாயே, அப்போதைக்கானது. புதிய இயங்குதளம் பழைய ரெய்டைக் காணவில்லை என்றவுடன் பலரும் செய்வது, முதல் முறை பயன்படுத்திய ‘கிரியேட்’ கட்டளையையே குறிப்பேட்டிலிருந்து எடுத்து மறுபடி கொடுப்பது. இருக்கும் ரெய்டை எழுப்புவதற்கான கட்டளை ‘அசெம்பிள்’. கிரியேட் கொடுத்தால், இந்த வட்டு ஏற்கெனவே ஒரு ரெய்டின் பகுதியாகத் தெரிகிறது, தொடரவா என்று அது ஒரு கேள்வி கேட்கும். அங்கே ‘ஒய்’ என்று தட்டிவிட்டால் பழைய அடையாளக் குறிப்பு போய்ப் புதியது எழுதப்படும். வடிவமும் தரவு தொடங்கும் இடமும் பழையபடியே அமைந்தால் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் எம்டிஅட்மின் பதிப்புக்குப் பதிப்பு அந்தத் தொடக்க இடத்தின் இயல்பான மதிப்பு மாறியிருக்கிறது. இடம் மாறினால் கோப்பு முறைமை அங்கே இருந்தும் லினக்ஸின் கண்ணுக்குத் தெரியாது. எனவே முதலில் ‘எக்ஸாமின்’ கொடுத்து வட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார், பிறகு அசெம்பிள், அதன்பின் படிக்க மட்டும் அனுமதிக்கும் விதத்தில் மவுண்ட் செய்து, அதாவது கோப்புறையாக இணைத்துப் பார். எல்லாம் சரியாக இருந்தால் ஹோமாக இணைத்துக்கொள், ஃபார்மட் என்ற பெட்டியில் டிக் இல்லாமல். டெபியன், உபுண்டு, ஃபெடோரா ஆகியவற்றில் முதல் பயனருக்கு 1000 என்ற எண்ணே கிடைப்பதால், கோப்புகளின் உரிமையும் பெரும்பாலும் தானாகவே பொருந்திவிடும்.

வட்டுகளைப் பற்றி ஒன்று. மேசைக் கணினிக்கென விற்கப்படும் வன்தட்டுகள் சில, படிக்க முடியாத ஒரு செக்டரோடு நிமிடக்கணக்கில் மல்லுக்கட்டும். லினக்ஸோ இயல்பாக 30 நொடிதான் காத்திருக்கும்; பிறகு வட்டைத் தட்டி எழுப்ப முயன்று, முடியாதபோது ரெய்டிலிருந்து தள்ளிவிடும். ஒரே ஒரு செக்டர் கெட்டதற்காக முழு வட்டும் வெளியேறும் கதை இப்படித்தான் நடக்கிறது. ஸ்மார்ட்சிடிஎல் என்ற கருவியால் வட்டு அப்படி மல்லுக்கட்டும் நேரத்தை 7 நொடியாகக் குறைக்க முடிகிறதா என்று பார். பல வட்டுகள் மின்சாரம் போய் வந்தால் இந்த அமைப்பை மறந்துவிடும் என்பதால், ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் அது ஓடும்படி வைக்க வேண்டும். வட்டு அதை ஏற்கவில்லையானால் லினக்ஸ் காத்திருக்கும் நேரத்தை 180 நொடியாக உயர்த்திவிடு.

எல்லாம் முடிந்தபின் ஒரு சோதனை செய்யாமல் இந்த ஏற்பாட்டை நம்பாதே. ப்ராக் கோப்புறையில் எம்டிஸ்டாட் என்ற கோப்பைத் திறந்தால், நலமாக இருக்கும் ரெய்டுக்கு நேரே சதுர அடைப்புக்குள் இரண்டு ‘யூ’ எழுத்துகள் இருக்கும். கணினியை நிறுத்தி ஒரு வட்டைக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்கு. ஒரு யூ மறைந்து அந்த இடத்தில் ஓர் அடிக்கோடு வந்திருக்கும். உன் கோப்புகள் அப்படியே இருக்கும். வட்டைத் திரும்ப மாட்டிச் சேர்த்தால், மாறிய பகுதிகளைக் குறித்துவைக்கும் பிட்மேப் என்ற குறிப்பு இருப்பதால், இடையில் மாறிய பகுதிகள் மட்டுமே ஒத்திசையும். ஏழரை மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: முதல் வட்டை மட்டும் வைத்து ஒரு முறையும், ஒத்திசைவு நடக்கவிடாமல் இரண்டாவதை மட்டும் வைத்து இன்னொரு முறையும் கணினியை இயக்கிவிடாதே. இரண்டும் தனித்தனியே எழுதப்பட்டு, எது உண்மை என்று சொல்ல முடியாதபடி பிரிந்துவிடும்.

வட்டு ஒன்று வெளியேறியதை உனக்கு யார் சொல்வது என்பதையும் ஏற்பாடு செய்துவிடு. எம்டிஅட்ம் மின்னஞ்சல் அனுப்பும். ஆனால் பெரும்பாலான மேசைக் கணினிகளில் அஞ்சலை வெளியே கொண்டுபோகும் மென்பொருளே இருப்பதில்லை. சோதனை அஞ்சல் ஒன்றை அனுப்பச் சொல்லி, அது உன் கைக்கு வருகிறதா என்று பார். இல்லாவிட்டால் ஒற்றை வட்டில் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பாய், தெரியவே தெரியாது.

பேக்கப் பற்றி நீ எழுதியது எனக்கு உடன்பாடில்லை. ரெய்டு வந்தபின் யூஎஸ்பி வட்டு எதற்கு என்று கேட்டிருக்கிறாய். ஒரே கணக்கை இரண்டு பேரேடுகளில் ஒரே நேரத்தில் எழுதும் கணக்குப்பிள்ளையைப் போன்றது ரெய்டு 1. ஒரு பேரேடு எரிந்தால் மற்றது இருக்கும், ஆனால் தப்புக் கணக்கு எழுதினால் இரண்டிலும் தப்பாகவே இருக்கும். ஒரு கோப்புறையை நீ அழித்தால் அது அந்த நொடியே இரண்டு வட்டுகளிலிருந்தும் போய்விடும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கும், இரண்டு வட்டுகளையும் ஒன்றாகக் கருக்கும் பழுதான பவர் சப்ளைக்கும் ரெய்டில் பதில் இல்லை. யூஎஸ்பி வட்டில் வாரம் ஒரு முறை நகலெடு; எடுத்து முடித்ததும் கேபிளைக் கழற்றி வை. பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் ரெய்டை விட்டுவிட்டு பேக்கப்பைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

தானே ரெய்டையும் கவனித்துக்கொள்ளும் கோப்பு முறைமையான பிடிஆர்எஃப்எஸ் பற்றியும் கேட்டிருந்தாய். 2009இலேயே லினக்ஸ் கெர்னலில் சேர்ந்துவிட்ட அதற்கு உண்மையான ஒரு மேன்மை உண்டு. நான் இதுவரை சொன்ன, எம்டி எனப்படும் லினக்ஸின் மென்பொருள் ரெய்டு முறையில் இரண்டு நகல்களும் வேறுபட்டால் எது சரி என்று அதற்குத் தெரியாது. பிடிஆர்எஃப்எஸ் ஒவ்வொரு தொகுதிக்கும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணை வைத்திருப்பதால் கெட்ட நகலைக் கண்டுபிடித்து நல்லதிலிருந்து திருத்திக்கொள்ளும். ஆனால் ஒரு வட்டு இல்லாதபோது, டிக்ரேடட் என்ற தெரிவைக் கொடுத்தாலன்றி அது மவுண்ட் ஆகாது. பதற்றமான நேரத்தில் எனக்குப் பழகிய கருவி கையில் இருக்க வேண்டும் என்பதால் எம்டியையும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையையும் வைத்துக்கொண்டேன். உனக்குப் புதியதைக் கற்க ஆர்வம் இருந்தால் நான் தடுக்கவில்லை. எப்படியும் பழக்கமில்லாத இரண்டில் ஒன்றைத்தானே நீ கற்கப் போகிறாய்.

கடவுச்சொல் போட்டு மறையாக்கம் செய்வதானால், ரெய்டை முதலில் அமைத்து அதன்மேல் லினக்ஸின் மறையாக்க முறையான லக்ஸைப் போடு. வட்டுகளைத் தனித்தனியே மறையாக்கி அவற்றை ரெய்டில் சேர்த்தால், ஒரே தரவை இரண்டு முறை மறையாக்குவதோடு, இரண்டு வட்டுகளையும் தனித்தனியே திறக்கவும் வேண்டிவரும்.

வேலையைத் தொடங்கும் முன் இரண்டு வட்டுகளின் மாடல் எண்ணையும் எனக்கு எழுதி அனுப்பு. அவற்றில் ஏதேனும் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகையாக இருந்தால், தொடர்ந்து எழுதும்போது வேகம் வெகுவாகக் குறையக்கூடும். அப்போது அதை பேக்கப்புக்கு ஒதுக்கிவிட்டு, ரெய்டுக்கு வேறொன்று வாங்கச் சொல்வேன். படங்களின் மொத்த அளவு எவ்வளவு என்பதையும், அந்த யூஎஸ்பி வட்டில் அது அடங்குமா என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்