நேரத்தை லயத்து வாசலிலிருந்து எண்ணுங்கள்: சுகாதார அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சுகாதார அமைச்சர் அவர்களுக்கும் மத்திய, ஊவா மாகாண சுகாதார அதிகாரிகளுக்கும்,

என் அப்பா மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டியவர். பல வருடமாக அவருக்குக் குடலிறக்கம் இருந்தது. கிளினிக்கில் இரண்டு தடவை ஒப்பரேஷனுக்குத் திகதி கொடுத்தார்கள். இரண்டு தடவையும் அவர் போகவில்லை. ஒரு மாதம் பேர், அதாவது நாட்சம்பளம், இல்லாமல் வீட்டில் கிடந்தால் கடைக்கடனை யார் கட்டுவது என்பதுதான் அவருடைய கணக்கு. அதை அவர் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காத குடும்பம் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒன்றுகூட இல்லை.

ஒரு மழை இரவு, ஏழு மணிக்கு வலி வந்தது. இறங்கிய குடல் உள்ளே போகவில்லை. தோட்டத்து வைத்திய உதவியாளர் தொட்டுப் பார்த்த உடனேயே, "வச்சிருக்காதீங்க, இப்பவே கொண்டு போங்க" என்றார். லயத்துக்கு வாகனம் வராது. கம்பளியில் கிடத்தி, நாலு பேர் வழுக்குகிற படிகளில் தூக்கி இறக்கினார்கள். ஆட்டோவில் ஏற்றும்போது ஒன்பது. வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தரை. அங்கே சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார், ஒப்பரேஷன் தியேட்டர் இருந்தது. மயக்க மருந்து கொடுக்கிற வைத்தியர் லீவில் போயிருந்தார். அவருக்குப் பதில் ஆள் இல்லை. கண்டிக்கு அனுப்பினார்கள். அம்புலன்ஸ் புறப்படவே நள்ளிரவு தாண்டிவிட்டது. அப்பாவை மேசையில் ஏற்றியபோது விடிகாலை நாலரை. கறுத்துப்போன குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு அவர் மலைக்கு வேலைக்குப் போகவே இல்லை.

இதை ஒரு வைத்தியசாலையின் மேல் குற்றம் சுமத்துவதற்காக எழுதவில்லை. அன்றிரவு பார்த்த ஒருவர்கூட அலட்சியமாக இருக்கவில்லை. சத்திரசிகிச்சை நிபுணரே வெளியே வந்து, கையைப் பிசைந்துகொண்டு அம்மாவிடம் பேசினார். அவர் கையில் கத்தி இருந்தும் வெட்ட முடியாத நிலை அது.

2015இல் உலகளாவிய சத்திரசிகிச்சை பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணைக்குழு தன் அறிக்கையை வெளியிட்டது. பாதுகாப்பான, செலவு தாங்கக்கூடிய சத்திரசிகிச்சையும் மயக்க மருந்தும் எட்டாதவர்கள் உலகில் 500 கோடிப் பேர் என்றது. அது ஓர் அளவுகோலையும் தந்தது: சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சை, எலும்பு வெளியே தெரிகிற முறிவுக்கான சிகிச்சை. இந்த மூன்றையும் செய்யக்கூடிய இடத்துக்கு இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேர முடிய வேண்டும். 2030க்குள் ஒவ்வொரு நாட்டிலும் குறைந்தது 80 வீதமான மக்களுக்கு அது கிடைக்க வேண்டும். மூன்றும் எங்களுக்குத் தெரிந்தவைதான். பிரசவத்தில் தவிக்கிற பெண், வயிற்றுவலியில் சுருண்டு கிடக்கிறவர், கொழுந்து மூட்டையோடு சறுக்கிக் கால் முறிந்தவர் என்று எந்தத் தோட்டத்திலும் பேர் சொல்லிக் காட்டுவார்கள்.

அந்த இரண்டு மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. வரைபடத்தில் டவுனிலிருந்து ஆதார வைத்தியசாலைக்குக் கோடு போட்டால் நாங்கள் எல்லாரும் அதற்குள் வந்துவிடுவோம். லயத்து வாசலிலிருந்து எண்ணினால் தூக்கி இறக்குகிற நேரமும், வாகனம் தேடுகிற நேரமும், அடுத்த ஊருக்கு அனுப்புகிற நேரமும் சேரும். சத்திரசிகிச்சை செய்ய முடியாத வாசலில் போய் நிற்பதைச் 'சேர்ந்தது' என்று கணக்கில் எழுதாதீர்கள்.

கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்திய உதவியில் 150 கட்டில்களோடு டிக்கோயாவில் எழுந்த வைத்தியசாலை 2017இல் திறக்கப்பட்டபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் தியேட்டர் என்பது சுவர் மட்டும் இல்லை. மயக்க மருந்து வைத்தியர், தாதி, இரத்தம், ஒட்சிசன், மின்சாரம் போனால் ஜெனரேட்டர், கிருமி நீக்கிய கருவிகள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். ஒன்று இல்லாவிட்டாலும் கதவு பூட்டுத்தான். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டே போய்விட்டார்கள். இருப்பவர்களை வைத்து என்ன செய்யலாம் என்று யோசிப்போம்.

ஒவ்வொரு வைத்தியசாலையும் தனித்தனியாக லீவுப் பட்டியல் போடாமல், மாவட்டம் முழுவதற்கும் மயக்க மருந்து வைத்தியர்களின் கடமைப் பட்டியல் ஒன்றே இருக்கட்டும். பதில் ஆள் வந்த பிறகே ஒருவர் விடுமுறையில் போகட்டும். இன்றிரவு எந்தத் தியேட்டர் திறந்திருக்கிறது என்பது 1990 என்ற இலக்கத்தில் அழைக்கிற சுவசெரிய அம்புலன்ஸுக்கு மாலையிலேயே தெரிந்தால், அப்பாவைப் போன்ற ஒருவரை நேரே அங்கே கொண்டுபோகலாம். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. மலைக்கு வருகிற வைத்தியருக்கு ஒழுகாத குவாட்டர்ஸும் பிள்ளைக்கு நல்ல பாடசாலையும் கொடுங்கள். வந்த நாளிலேயே இடமாற்றத்துக்கு எழுதிக் கொடுக்கும் வழக்கம் குறையும்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை 1951இலிருந்தே இலவசம், அது எங்களுக்குப் பெரிய கொடை. ஆனால் ஆட்டோவும் கண்டியில் அம்மா தங்கிய எட்டு நாள் சாப்பாடும் இலவசம் இல்லை. சத்திரசிகிச்சைக்காகப் போய் வருகிற இப்படியான செலவுகளாலேயே உலகில் வருடத்துக்கு 4 கோடியே 80 இலட்சம் பேர் நொடிந்துபோகிறார்கள் என்று அதே ஆணைக்குழு கணக்கிட்டது. தோட்டக் கம்பனிகளோடு பேசுங்கள்: திகதி கிடைத்த தொழிலாளிக்கு ஒப்பரேஷன் நாட்களுக்குப் பேர் போடட்டும். அப்பா அன்றே போயிருப்பார்.

இன்னொன்று. அன்றிரவு அம்மா சிங்களத்தில் இருந்த சம்மதப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தார். எதற்கென்று அவருக்குத் தெரியாது. 1987இலிருந்து தமிழும் அரச கரும மொழி. வெட்டப்போவது என்ன என்பதைத் தன் மொழியில் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

கடந்த ஆறு மாதத்தில் எந்த வைத்தியசாலையில், எத்தனை இரவு, எந்தக் காரணத்தால் தியேட்டர் இயங்கவில்லை என்பதை நுவரெலியா, பதுளை மாவட்டங்களுக்கு வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் விண்ணப்பிப்பேன். ஆனால் நீங்களாகவே அதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒவ்வொரு வைத்தியசாலை வாசலிலும் ஒட்டினால் எனக்கு அந்த விண்ணப்பம் தேவைப்படாது.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்