'உதவியாளர் ஒருவர்' பெயர் ஜான் பெரிங்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் பிரமிடுக் கட்டுரையில் 'கர்னல் வைஸ் தம் உதவியாளர் ஒருவருடன் பிரமிடுகளை அளந்தார்' என்று படித்தேன். அந்த ஒருவர் யாரென்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஜான் ஷே பெரிங், அன்று எகிப்தை ஆண்ட முகமது அலி பாஷாவின் பொதுப்பணிகளுக்காக 1836இல் எகிப்துக்குப் போன பொறியாளர். 1837இல் ஆங்கிலேய ராணுவ அதிகாரியான வைஸுடன் கிசாவில் வேலை பார்த்தபோது வயது 24.

வைஸ் அந்த ஆண்டே ஊர் திரும்பிவிட்டார். ஆய்வுக்கான பணம் அவருடையது, மறுக்கவில்லை. அதன்பிறகும் இருந்து அபு ரவாஷ், அபுசிர், சக்காரா, தாஷூர் என்று ஒவ்வொரு பிரமிடாக அளந்து வரைந்தவர் பெரிங். 1839இல் தாஷூரின் வளைந்த பிரமிடில், அடைபட்ட வழியைத் துப்புரவாக்கிய ஆட்கள் வெக்கையில் மூச்சுத் திணறியபோது திடீரென்று குளிர்காற்று வீசியதைக்கூட விடாமல் பதிந்திருக்கிறார். பின்னால் வந்த ஜெர்மானிய ஆய்வாளர் லெப்சியஸின் குழுவுக்கும் அவர் வரைபடங்கள் கைகொடுத்தன.

நானும் பொதுப்பணித் துறையில் சர்வே பார்த்தவன். அணைச் சுரங்கத்தில் கலாசி டேப்பின் நுனியைப் பிடிக்க, வௌவால் எச்சத்தில் மண்டியிட்டு, டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வியர்வை சொட்டி ஃபீல்டு புக் நனையாமல் எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியும். திறப்புவிழாக் கல்வெட்டில் ஒப்பந்தக்காரர் பெயர்வரை இருந்தது. அளந்த எங்கள் பெயர் இல்லை.

பெரிய பிரமிடில் அரசன் அறைக்கு மேலே திறந்த அறைகளுக்கு வைஸ் வைத்த பெயர்களும் வெலிங்டன், நெல்சன், ஆர்பத்நாட் சீமாட்டி, கேம்ப்பெல் என்று பெரிய மனிதர்களுடையவை. இருட்டில் தவழ்ந்து அளந்தவன் பெயர் ஒன்றுக்கும் இல்லை. கூடை சுமந்த எகிப்தியரைக் கேட்கவே வேண்டாம்.

கிசாவின் மூன்றாம் பிரமிடைக் கட்டிய அரசன் மென்கவுரேயின் கல்பேழை 1838இல் பியட்ரிஸ் கப்பலோடு மூழ்கியதைப் பற்றி முன்பொருமுறை விரிவாகவே வெளியிட்டீர்கள். பேழை எப்படி இருந்தது என்று இன்று நாம் அறிவது அன்று வரைந்துவைத்த படங்களால் அல்லவா? அதற்கு ஒரு வரி ஒதுக்க மனம் வரவில்லையே, ஐயா!

வெடிமருந்து வைத்துக் கல்லை உடைத்ததையும் கட்டுரை கண்டிக்கிறது. நியாயம்தான், அந்தப் பழியில் பெரிங்குக்கும் பங்குண்டு. பழிசொல்லும் இடத்திலாவது பெயரைச் சொல்லியிருக்கலாம்.

கட்டுரையோடு வந்த குறுக்குவெட்டுப் படம் அவருடையது. கீழே 'இணையம்' என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த இதழில் ஒரு மூலையில் திருத்தம் வெளியிட்டு, ஜான் ஷே பெரிங் என்று முழுப்பெயரையும் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர்,
திருச்சி