ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வணிகப் பக்கத்தில், பல கிளைகள் வைத்திருக்கும் ஒரு வணிகர் சொன்னதாக ஒரு வரி வந்திருந்தது: "ரொக்கத்தோடு வருகிறவர்களால்தான் வரிசை நீள்கிறது. மாற வேண்டியது அவர்கள்தாம்." அந்த வரியை நான்கு முறை படித்தேன். அதற்கு எதிராக ஒருவரின் கருத்தையாவது கேட்டுப் போட்டிருப்பீர்கள் என்று பக்கம் முழுவதும் தேடினேன். இல்லை. நாற்பது ஆண்டுகளாக உங்கள் பத்திரிகையை ரொக்கம் கொடுத்து வாங்குகிறவன் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

என் துணைவியாருக்கு வயது 68. முட்டி தேய்ந்துவிட்டது. சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு பேரங்காடியில் உளுந்து, சமையல் எண்ணெய், பேரனுக்குப் பால்மாவு என்று கூடையை நிரப்பிக்கொண்டு அரை மணி நேரம் வரிசையில் நின்றிருக்கிறார். அவர் முறை வந்ததும், பணம் கட்டும் இந்த முகப்பில் கியூஆர் மட்டும்தான், காசு வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். காசு வாங்கும் முகப்பு அன்று மூடியிருந்ததாம். கூடையை அங்கேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். "கையில் காசை வைத்துக்கொண்டு கடனாளிபோல நின்றேன்" என்றார். அவர் கையில் இருந்தது 50 வெள்ளி (ரிங்கிட்) தாள். அந்தத் தாளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள் ஐயா. அதன் மதிப்புக்கு அது சட்டப்படி செல்லும் என்று அதிலேயே மலாயில் அச்சிட்டிருக்கிறார்கள்.

நாங்கள் மாறமாட்டோம் என்று யார் சொன்னது? பினாங்கில் வாரத்தில் சில நாள்கள் பிளாஸ்டிக் பை இலவசமாகக் கிடைக்காது என்று 2009இல் தொடங்கினார்கள். 2011 முதல் எல்லா நாளும் அப்படித்தான். துணிப்பையை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொள்ள முதலில் பழகியவர்கள் எங்கள் வயதுக்காரர்கள். 2008 ஏப்ரலில் ஒரு காசு நாணயத்தை விட்டொழித்தார்கள். அதற்கும் பழகினோம்.

நான் கடைத்தெருவில் ஒரு மளிகைக்கடையில் 34 ஆண்டுகள் கணக்கெழுதியவன். மாற்றம் என்றால் என்ன என்று அங்கே பார்த்திருக்கிறேன். கட்டி என்ற பழைய எடைக் கணக்கு போய்க் கிலோ வந்தபோது சனங்கள் திகைத்துப்போனார்கள். ஒரு கட்டி ஏறக்குறைய 600 கிராம். அரைக் கட்டி மிளகாய் கேட்டுப் பழகியவரிடம் 300 கிராம் என்றால் ஏமாற்றுகிறோம் என்றுதான் நினைப்பார். எங்கள் முதலாளி என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு மூட்டையின்மேலும் இரண்டு விலையையும் எழுதிச் செருகச் சொன்னார். கட்டிக்கு இவ்வளவு, கிலோவுக்கு இவ்வளவு. மாதக்கணக்கில் அப்படியே இருந்தது. கேட்டவருக்கெல்லாம் நான் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். மாற வேண்டியது நீங்கள்தாம் என்று ஒருவரிடமும் நாங்கள் சொன்னதில்லை. ஒரு காசு ஒழிந்தபோதும் அப்படித்தான். ரசீதின் மொத்தத் தொகையைத்தான் அருகிலுள்ள ஐந்து காசுக்கு ஏற்றியோ இறக்கியோ வாங்க வேண்டும், ஒவ்வொரு பொருளுக்கும் ஏற்றக் கூடாது என்று கடைப்பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம். அந்த மொத்தத்தையும் ஏற்ற மட்டுமே தெரிந்த கடைகளில் இப்போது நான் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கடையில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி எப்போதும் கிடக்கும். தள்ளாதவர்கள் வந்தால் உட்காருவார்கள். பட்டியலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் சாமான் அவர்களிடம் வரும். 555 என்ற சின்னக் கடன் நோட்டில் கணக்கெழுதிக்கொண்டு மாதக் கடைசியில் கொடுத்தவர்களும் உண்டு. கொடுக்க முடியாமல் போனவர்களும் உண்டு. அதனால் அந்தக் கடை நொடித்துவிடவில்லை. இன்று குளிரூட்டியும் கண்ணாடிக் கதவும் வைத்துக் கட்டுகிற கடைகளில் உட்கார ஓர் இடம் இல்லை. விலைச்சீட்டோ, கண்ணாடி அணிந்தும் படிக்க முடியாத எழுத்தில் இருக்கிறது.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பல நாளாக மனத்தில் கிடக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குமுன் வாங்கிய மின்விசிறி மூன்றாம் நாள் நின்றுபோயிற்று. கொண்டுபோனால், விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று சுவரில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினார்கள். 1999ஆம் ஆண்டிலேயே பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்ட நாடு இது. சட்டம் கொடுத்த உரிமையை ஒரு பலகை பறித்துவிட முடியாது. ஐந்து வெள்ளி கட்டிப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுப்போடலாம், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் மனுப்போடப் போகிறேன் என்று சொன்ன மறுநாள் புது விசிறி கிடைத்தது. சொல்லத் தெரியாதவர்களுக்கு? எஸ்.எம். முகமது இத்ரிஸ் பல்லாண்டுகள் தலைமையேற்று நடத்திய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிற ஊரிலேயே அப்படிப்பட்ட பலகைகள் தொங்குவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

ஒரு கடைக்குத் தொலைபேசியில் குறை சொல்லப் போனால் எண்ணை அழுத்து எண்ணை அழுத்து என்கிறது இயந்திரம். மனிதக் குரல் வருவதற்குள் அழைப்பு துண்டித்துப்போகிறது. அதை விடுங்கள்.

முகப்பில் நின்ற பெண்ணின்மீது எனக்குக் கோபமில்லை. இருபது வயதுகூட இருக்காது என்று என் துணைவியார் சொன்னார். மன்னிப்புக் கேட்டாளாம், கூடையைத் தானே எடுத்து வைத்தாளாம். மறுவாரம் நான் அந்தக் கடைக்குப் போய்ப் பார்த்தேன். அந்தப் பெண்களுக்கும் உட்கார இடமில்லை. காலையிலிருந்து நின்றபடியே வேலை செய்கிறார்கள். ஒரு கால் மாற்றி ஒரு கால் ஊன்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். என் பேத்தி வயது. உட்கார்ந்து ரசீது போட்டால் எந்த வாடிக்கையாளர் கோபித்துக்கொள்ளப் போகிறார்?

வணிகர்கள் செய்ய வேண்டியது மலையைப் புரட்டுகிற வேலையல்ல. கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் ரொக்கம் வாங்கும் ஒரு முகப்பு. படிக்கிற அளவில் விலை. முகப்புக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. கியூஆர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மகன் அதில்தான் எல்லாம் வாங்குகிறான். சொல்லித்தர ஆளிருந்தால் நாங்களும் பழகிக்கொள்வோம், கிலோவுக்குப் பழகியதுபோல.

அந்த வணிகரின் வரியை எந்தப் பக்கத்தில் போட்டீர்களோ, அதே பக்கத்தில் இந்தக் கடிதத்தையும் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடமில்லையென்றால் மின்விசிறியை எடுத்துவிடுங்கள், தொலைபேசியையும் எடுத்துவிடுங்கள். நாற்காலியை மட்டும் நீக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்,
ஜெலுத்தோங், பினாங்கு.