தம்பிக்காகக் கூட நின்றவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். தம்பி வீடு வந்து சேர்ந்துவிட்டான். சட்டைப் பொத்தானை இப்போது அவனே போட்டுக்கொள்கிறான், கடைசிப் பொத்தானுக்கு மட்டும் என்னைக் கூப்பிடுகிறான். விசாரித்த ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் போட முடியாததால் இந்த மடல்.

முதலில் ரேடியாலஜி டாக்டர் அம்மாவுக்கு. முதல் ரிப்போர்ட்டில் 'மூளைக் கட்டியாக இருக்கலாம்' என்றிருந்ததைப் படித்துவிட்டு வீடே இழவு வீடு மாதிரி ஆகியிருந்தது. நீங்கள்தான் எங்களைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, மருந்து ஏற்றி எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டினீர்கள். ஓரத்தில் வெள்ளையாக ஒரு வளையம். ஆனால் முழு வளையம் இல்லை. மூளையின் மேற்பட்டையைப் பார்த்த பக்கம் திறந்து கிடந்தது. நரம்பின் மேலுறையான மயலின் அழிந்து வரும் புண்ணில் இப்படித் தெரிவதுண்டு, அது 2 செ.மீ.க்கு மேல் வளர்ந்தால் கட்டி மாதிரியே வேஷம் போடும் என்றீர்கள். புண் இருந்த அளவுக்குச் சுற்றிலும் வீக்கமும் இல்லை. அப்புறம் ரத்த ஓட்டத்தைக் காட்டும் பெர்ஃப்யூஷன் படம். வீரியமான கட்டி புதுசு புதுசாக ரத்தக்குழாய் வளர்த்துக்கொள்ளும், அங்கே ரத்த அளவு ஏறியிருக்கும், தம்பிக்கு ஏறவில்லை. புண்ணில் இருக்கும் வேதிப்பொருட்களை அளக்கும் ஸ்பெக்ட்ராஸ்கோபி ஸ்கேனில், கோலின் என்ற பொருள் கூடியிருந்தது. "கட்டி, மயலின் புண், இது ரெண்டுலயும் கூடும், இதை வெச்சு எதையும் சொல்ல மாட்டேன்" என்றீர்களே, அங்கேதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

கத்தியை எடுக்க அவசரப்படாத நரம்பு அறுவை டாக்டருக்கு நன்றி. ஸ்டீராய்டை உடனே போடச் சொல்லி நாங்கள் நச்சரித்தோம். லிம்ஃபோமா என்ற வகைப் புற்றுநோய் என்றால் அதுவும் ஸ்டீராய்டில் சுருங்கிவிடும், பிறகு சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சி செய்தாலும் பிடிபடாமல் போகலாம் என்று பொறுமையாக விளக்கினார். கழுத்துத் தண்டுவடத்தில் இன்னொரு சின்னப் புண் தெரிந்தது, முதுகுத்தண்டு நீரின் முடிவும் வந்தது. அதற்குப் பிறகே மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, தினம் 1 கிராம், 5 நாள். அடுத்த ஸ்கேனில் புண் பாதியாகியிருந்தது.

குழாய்க்குள் போகப் பயந்தவனிடம் மைக்கில் கிரிக்கெட் ஸ்கோர் சொல்லிக்கொண்டே இருந்த டெக்னீஷியன் தம்பி, விரல் பயிற்சிக்குப் பட்டாணி உரிக்கவைத்த பிசியோ அக்கா, அம்மாவுக்கு மூன்று வேளையும் சாப்பாடு கொடுத்த எதிர்வீட்டு மாமி, உங்களை எல்லாம் எப்படி மறப்பேன்!

நோய் திரும்ப வராமல் இருக்க மருந்து தொடர்கிறது, இடையிடையே ஸ்கேனும் உண்டு. அவசரத்துக்குப் பணம் கொடுத்த தம்பியின் ஆபீஸ் நண்பர்களே, நீங்கள் கேட்காவிட்டாலும் கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். தீபாவளிக்குள் வந்துவிடும்.