பெட்டியில் போட்டிருக்கும் தூரம்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு இன்ஜினியரிங் இடம் கிடைத்த செய்தியைப் படித்ததும் போனில் கூப்பிட நினைத்தேன். உனக்கு அங்கே நடுராத்திரி, அதனால் விட்டுவிட்டேன். வாழ்த்துச் சொல்லிவிடு. இங்கே எல்லோரும் நலம். அம்மா வந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டார். "இந்தக் குளிர்ல மனுஷன் இருப்பானா?" என்பதுதான் நியூசிலாந்தைப் பற்றி அவர் வழங்கிய தீர்ப்பு.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கனடாவின் கல்கரியில் ஆபீஸ் நண்பர்களோடு சேர்ந்து நீ மான் வேட்டைக்குக் கிளம்புவாய் என்று யார் நினைத்தது! லேசர் ஒளியை அனுப்பித் தூரத்தை அளக்கும் கருவி, அதுதான் லேசர் ரேஞ்ச்ஃபைண்டர், எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். மாடல் பெயர் சொல்ல மாட்டேன், அது வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

நான் இங்கே பெரும்பாலும் போவது தார் வேட்டைக்கு. இமயமலைக் காட்டாடு அது. 1904-இல் மவுண்ட் குக் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். அது பெருகி மலைப்புல்லை மேய்ந்து அழிக்கிறது என்று 1993-இல் அரசாங்கமே 10,000-க்கு மேல் போகக்கூடாது என வரம்பு வைத்தது. நம்ம ஊர் வரையாட்டையும் இதையும் ஒரே பேரினத்தில் சேர்த்து வைத்திருந்த காலம் உண்டு. அங்கே அதைச் சுட்டால் ஜெயில், இங்கே இதைச் சுட்டால் நன்றி சொல்வார்கள். ஹாப்கின்ஸ் பள்ளத்தாக்கு மாதிரி இடங்களில் ஆடு எதிர்ச்சரிவில் நிற்கும், நடுவில் இறங்க முடியாத பிளவு. கிட்டே போக வழியில்லாதபோதுதான் தூரத்தைச் சரியாக அளக்கிற கருவிக்கு வேலை.

பெட்டியில் "2000 மீட்டர்" என்று பெரிதாகப் போட்டிருப்பான். அது பளபளக்கும் தகட்டுக்கான கணக்கு. மான் தோல் அவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பாது. பாதிகூடத் தேறாமல் போகலாம். அதனால் நான் முதலில் பார்ப்பது லேசர் கற்றை எவ்வளவு அகலமாக விரிகிறது என்பதை. 1 மில்லிரேடியன் என்றால் 1000 மீட்டரில் 1 மீட்டர் அகலம். 2 மில்லிரேடியன் கற்றை 600 மீட்டரில் 1.2 மீட்டர் பரவிவிடும். மானின் உடம்பு உயரம் அதில் பாதிகூட இருக்காது. மிச்சக் கற்றை முன்னால் இருக்கும் புல்லிலும் பின்னால் இருக்கும் சரிவிலும் விழும். திரையில் வரும் எண் எதனுடையது என்று உனக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று, கண்ணுக்குத் தெரியும் குறிவட்டத்தின் நடுவில்தான் லேசர் விழுகிறது என்று நினைத்துவிடாதே. பல கருவிகளில் கொஞ்சம் தள்ளித்தான் விழும். இதைக் கடை வாசலிலேயே சோதிக்கலாம். பின்னால் வெறும் வானம் இருக்கிற மாதிரி ஒரு விளக்குக் கம்பத்தைத் தேடு. ஸ்கேன் பொத்தானை அழுத்திக்கொண்டே இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்து. எந்த இடத்தில் எண் வருகிறது, எந்த இடத்தில் போகிறது என்று பார். அப்புறம் தெருவிளக்கின் கையையோ குறுக்குக் கம்பியையோ வைத்து மேலிருந்து கீழாக அதையே செய். கற்றை உண்மையில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

மலிவாகக் கிடைக்கிறது என்று கோல்ஃப் கருவி வாங்கிவிடாதே. கோல்ஃபில் கொடி முன்னால், மரம் பின்னால். அதனால் அது கிட்டே இருப்பதைப் பிடிக்கும்படி அமைத்திருப்பார்கள். நமக்கு நேர்மாறு: புல்லும் முள்புதரும் முன்னால், விலங்கு பின்னால். கடைசியாகத் திரும்பி வரும் ஒளியை எடுக்கும் வசதி அவசியம் வேண்டும். தூறலிலும் பனித்தூவலிலும் அதுதான் கைகொடுக்கும்.

திரை சிவப்பு எழுத்தாக இருக்கட்டும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியட்டும். கறுப்பு எழுத்துத் திரையில், சூரியன் விழுந்த பிறகு இருண்ட காட்டைப் பார்த்தால் எண்ணே தெரியாது. மான் வெளியே வருவதும் அந்த நேரத்தில்தான்.

சரிவுக் கோணக் கணக்கு இப்போது பெரும்பாலானவற்றில் இருக்கிறது. 30 டிகிரி சரிவில் 400 மீட்டர் என்றால் கிடைமட்டத் தூரமான 346-க்குச் சுட வேண்டும். உன் சமவெளியில் இது பெரிதாகத் தேவைப்படாது, மலையடிவாரத்துக்குப் போனால் தேவைப்படும். மீட்டரா யார்டா என்பதையும் வாங்கிய அன்றே ஒன்றாக வைத்துப் பூட்டிவிடு. உன் நண்பர்கள் யார்டில் பேசுவார்கள். 500 யார்டு என்பது 457 மீட்டர்தான்.

காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் உள்ளேயே இருந்தால் கூடக் காசு கொடுக்கலாம். கல்கரி 1000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. வானிலை ஆப் 1015 ஹெக்டோபாஸ்கல் என்று காட்டும், அது கடல் மட்டத்துக்குத் திருத்திய எண். நீ நிற்கும் இடத்தில் உண்மையான அழுத்தம் 900-ஐ ஒட்டித்தான் இருக்கும். குண்டு எவ்வளவு கீழே இறங்கும் என்ற கணக்கில் ஆப் எண்ணைப் போட்டால், அங்கே காற்று மெல்லியது என்பதால் குண்டு எதிர்பார்த்ததைவிட மேலே போகும். வெப்பநிலை அளக்கும் சென்சாரில் ஒரு சங்கடம் உண்டு. குளிரில் பேட்டரி படுத்துவிடும் என்று கருவியைக் கோட்டுக்குள் வைத்திருப்பாய். வெளியே எடுத்ததும் அது உன் கோட்டின் சூட்டைத்தான் காட்டும். மாற்று பேட்டரியை உள்ளே வை, கருவியை வெளியே வை.

புளூடூத், போனோடு சேர்வது, இதெல்லாம் இல்லாவிட்டாலும் குடி முழுகாது. அதற்குப் பதிலாக முக்காலியில் மாட்டும் திருகுத் துளை இருக்கிறதா என்று பார். ஒற்றைக் கையில் பிடித்துப் பொத்தானை அழுத்தினாலே குறி நகர்ந்துவிடும்.

இவ்வளவு எதற்கு என்று கேட்பாய். 6.5 கிரீட்மோர் மாதிரித் தோட்டாவில் 300 மீட்டரில் தூரத்தை 20 மீட்டர் தவறாக எடுத்தால் குண்டு சில செ.மீ. மேலோ கீழோ போகும், சமாளிக்கலாம். 500-இல் அதே தவறு ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். அது காயப்பட்ட மான். ஆனால் அதே 500-இல் மணிக்கு 16 கி.மீ. குறுக்குக்காற்று குண்டைக் கிட்டத்தட்ட அரை மீட்டர் தள்ளும். விலங்கு நிற்கும் இடத்துக் காற்றை நீ வைத்திருக்கும் கருவி அளக்காது. அதனால் முதல் வருஷம் 300-க்குள் நின்றுகொள். நான் இத்தனை வருஷம் கழித்தும் காற்று இருக்கும் நாளில் அதற்கு மேல் போவதில்லை.

கம்பத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் தள்ளி விழுகிறது என்று எழுது. அடுத்த மே மாதம் தார் கிடாய்களுக்குக் குளிர்கால முடி வந்துவிடும். வரமுடியுமானால் லீவுக்கு இப்போதே சொல்லி வை.

அன்புடன்,
ரகு