சிலிண்டர் வாயுவோடு நிறுத்திவிடாதீர்கள்: வேதியியல் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

காட்பாடி, சேர்க்காடு, ஓட்டேரி, மேல்விஷாரம், வாணியம்பாடி என்று நம் பழைய வடஆற்காடு முழுக்க வேதியியல் ஆய்வு செய்யும் பேராசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

நான் இராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் பாய்லர் ஆபரேட்டர். பி.எஸ்சி. வேதியியல் முடித்தேன், மேலே படிக்க வசதியில்லை. பாய்லர் பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்து 22 வருஷமாகிறது. சமீபத்தில் என் மகள் படிக்கும் கல்லூரியில் நடந்த கருத்தரங்குக்குப் போயிருந்தேன். புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடை அம்மோனியாவோடு சேர்த்து ஒழிக்க, மாங்கனீசும் சீரியமும் சேர்த்த டைட்டானியா (டைட்டானியம் ஆக்சைடு) வினையூக்கியைப் பற்றி ஒரு மாணவி பேசினார். 200 டிகிரியிலேயே தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் ஆக்சைடு மாறிவிடுகிறது என்று வரைபடம் காட்டினார். கேட்கக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். வழக்கமான வனேடியம் வினையூக்கிக்கு 300 முதல் 400 டிகிரி வேண்டும். எங்கள் பாய்லரை விட்டுப் புகை வெளியே வரும்போது அந்தச் சூடு இருப்பதில்லை. 200 டிகிரியில் வேலை செய்கிறது என்றால், அது எங்களுக்காகவே செய்தது.

பிறகு எழுந்து, எந்தப் புகையில் சோதித்தீர்கள் என்று கேட்டேன். சிலிண்டர் வாயு என்றார். நைட்ரிக் ஆக்சைடு 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு), அம்மோனியா 500 பிபிஎம், கொஞ்சம் ஆக்சிஜன், மீதி நைட்ரஜன். அவர்மேல் குறையில்லை. ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். அங்கேயே நின்றுவிடுவதுதான் என் கவலை.

எங்கள் அடுப்பில் எரிவது வேலிக்காத்தான் விறகு, கிடைக்கும்போது மல்லாட்டைத் (வேர்க்கடலை) தோல். இந்தச் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜன் அதிகம் எரியாது. எரிபொருளுக்குள் இருக்கும் நைட்ரஜன்தான் ஆக்சைடாகிறது. கூடவே பொட்டாசியம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பாய்லரை நிறுத்திக் குழாய்க்குள் பிரஷ் விட்டுத் தள்ளினால் வெளிர்சாம்பல் நிறத்தில் மாவு கொட்டும். அடுப்புக் கம்பித்தட்டு மேல் கண்ணாடிபோல் உருகிக் கெட்டியானதைக் கடப்பாரை போட்டுத்தான் பெயர்க்க வேண்டும். அந்த மாவில் ஒரு பிடியைத் தண்ணீரில் கரைத்து விரலால் தேய்த்துப் பாருங்கள், சோப்பு மாதிரி வழுக்கும். என் அம்மா பாத்திரம் துலக்கிய அதே சாம்பல் காரம்தான்.

வினையூக்கியின் மேல் அமிலத்தன்மை உள்ள இடத்தில்தான் அம்மோனியா வந்து உட்கார வேண்டும். அப்போதுதான் அது நைட்ரிக் ஆக்சைடோடு சேர்ந்து வெறும் நைட்ரஜனும் தண்ணீருமாகப் போகும். அந்த இடத்தைப் பொட்டாசியம் பிடித்துக்கொண்டால் அம்மோனியா எங்கே உட்காரும்? ஐப்பசி, கார்த்திகையில் விறகு ஈரம். புகையில் பாதி நீராவிதானோ என்று தோன்றும். விறகு தட்டுப்பாடாகி நிலக்கரி கலந்தால் கந்தகமும் சேரும். மாங்கனீசு சல்பேட்டாகி ஓய்ந்துவிடும். இந்த மூன்றும் ஒன்றாக இருக்கும் புகையில் உங்கள் வினையூக்கி எத்தனை மணி நேரம் தாங்கும்? எனக்கு வேண்டியது அந்த ஒரு எண்.

பெங்களூர் ரோட்டில் போகும் பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி) லாரிகளைப் பாருங்கள். 2020 ஏப்ரலிலிருந்து விற்ற பெரிய லாரிகளில் பெரும்பாலானவை அம்மோனியா தரும் யூரியாக் கரைசல் தெளித்து இதே வினையை நடத்துகின்றன. தாமிரம் ஏற்றிய ஜியோலைட் என்ற நுண்துளைப் பொருள் அந்த வேலைக்குப் பேர்போனது. அது நிலைக்க ஒரு காரணம், டீசலில் கந்தகத்தை 10 பிபிஎம் வரை குறைத்துக் கொடுத்ததுதான். விறகை யார் சுத்தம் செய்து தருவார்கள்? வினையூக்கிதான் விறகுக்கு ஏற்றபடி மாற வேண்டும்.

1996இல் உச்ச நீதிமன்றம் நம் பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. தண்ணீரைப் பற்றி அன்றைக்கு ஊரே பேசியது. புகை என்றால் இன்றும் கறுப்பு தெரிகிறதா என்றுதான் பார்க்கிறோம். நைட்ரிக் ஆக்சைடுக்கு நிறமே கிடையாது. காற்றில் கலந்து நைட்ரஜன் டை ஆக்சைடாகி, வெயிலில் ஓசோனுக்கும் வழிவிட்டு, மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே கேட்கிறேன். சோதனை வாயுவில் நீராவி சேருங்கள். வினையூக்கியில் பொட்டாசியம் ஏற்றிச் சோதியுங்கள். கழுவினால் பழைய வேகம் திரும்புகிறதா என்று பாருங்கள். தோற்றுப்போன வினையூக்கியையும் ஆய்வேட்டில் எழுதுங்கள். எது எத்தனை நாளில் செத்தது என்பது எங்களுக்கு உதவும்.

முதலாளியிடம் பேசிவிட்டேன். சாம்பல் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். புகைபோக்கியில் மாதிரி எடுக்கும் துளை இருக்கிறது. மணிக்கு மணி வெப்பநிலை எழுதிய நோட்டு என்னிடம் இருக்கிறது. ஞாயிறு காலை ஏழு மணிக்குக் குழாய் துடைப்போம். மூடியுள்ள டப்பா கொண்டு வாருங்கள், சாம்பல் காற்றில் ஈரம் இழுத்துக்கொள்ளும்.

அன்புடன்,
இராணிப்பேட்டையிலிருந்து ஒரு பாய்லர் ஆபரேட்டர்