சேகருக்கு: புள்ளி வைத்தால் வரவேண்டிய பட்டியல்

அன்புள்ள சேகர்,

உன் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்த ஒரே பதில். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். முரளி அதே முரளிதான், இப்போதும் எதைக் கேட்டாலும் "ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தியா?" என்கிறான்.

சும்மா இருந்தவனை உன் கடைசிக் கடிதம்தான் எழுத உட்கார வைத்தது. உன் விளையாட்டைச் செய்கிற எஞ்சின் கோடோ, அதன் ஸ்கிரிப்டை விஎஸ் கோட் என்ற வெளி எடிட்டரில் எழுதப் பார்த்திருக்கிறாய். ஒரு பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்தால் அடுத்து என்ன எழுதலாம் என்ற பட்டியல் வரவேண்டும். "விஎஸ் கோடில் அந்த கோடோ எக்ஸ்டென்ஷனைப் போட்டேன், புள்ளி வைத்தால் ஒரு பரிந்துரையும் வரவில்லை, தூக்கி எறிந்துவிட்டேன்" என்று எழுதியிருந்தாய். அடுத்த பத்தியிலேயே, மெஷின் சூடாகிறதென்று கோடோவை மூடிவிட்டுத்தான் கோட் எழுதுகிறேன் என்று பெருமை வேறு. டேய், காரணத்தை நீயே எழுதி அனுப்பியிருக்கிறாய்.

எடிட்டரோடு ஒட்டவைக்கிற அந்த எக்ஸ்டென்ஷன் வெறும் தபால்காரன். வரிகளுக்கு வண்ணம் போடுவது போன்ற சில்லறை வேலைகளைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் கோடோவின் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்டில் எந்த நோடுக்கு (விளையாட்டின் ஒவ்வொரு உறுப்புக்கும் கோடோ வைத்த பெயர்) என்னென்ன ஃபங்ஷன் உண்டு, நீ எழுதியதில் எந்த வரி தப்பு என்பதெல்லாம் தெரிந்தது கோடோவுக்குத்தான். அதற்குள்ளேயே, எடிட்டர் கேட்கிற இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு லாங்குவேஜ் சர்வர் ஓடுகிறது. நீ புள்ளி வைத்ததும் எக்ஸ்டென்ஷன் அதனிடம் கேட்டு, வந்த பதிலை உனக்குக் காட்டுகிறது. கோடோவையே மூடிவிட்டால் யாரிடம் போய்க் கேட்கும்?

ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழியையும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தால் கட்டுப்படியாகாது என்றுதான் 2016இல் மைக்ரோசாஃப்ட் எடிட்டரும் சர்வரும் பேசிக்கொள்ளும் இந்த லாங்குவேஜ் சர்வர் நெறிமுறையைப் பொதுவில் வைத்தது. மொழிக்காரர்கள் ஒரு சர்வர் எழுதினால் போதும், எந்த எடிட்டரும் அதோடு பேசலாம். நாளைக்கு நீ வேறு எடிட்டருக்கு ஓடினாலும் (ஓடுவாய், தெரியும்) பதில் சொல்லப் போவது இதே சர்வர்தான்.

ஆக, முதலில் கோடோவில் ப்ராஜெக்டைத் திற. அப்புறம் போர்ட் எண்ணை, அதாவது எக்ஸ்டென்ஷன் சர்வரைத் தேடிப் போகும் கதவு எண்ணைப் பார். கோடோ 4இல் வழக்கமாக 6005, கோடோ 3இல் 6008. நீ பழைய ப்ராஜெக்டிலிருந்து மாறி வந்தவன் என்பதால், எக்ஸ்டென்ஷன் செட்டிங்கில் பழைய எண் ஒட்டிக்கொண்டிருக்கலாம். மெஷின் சூடுதான் கவலை என்றால், விண்டோ இல்லாமல் பின்னணியில் கோடோவை ஓட்டுகிற ஹெட்லெஸ் வசதியும் அதே செட்டிங்கில் இருக்கிறது.

இதெல்லாம் செய்த பிறகும் பாதி இடத்தில் பட்டியல் வராது. ஏனென்றால் நீ டைப் போடுவதில்லை, எது என்ன வகை என்று கோடில் சொல்வதில்லை! நீ அனுப்பியிருந்த தோட்டா ஸ்கிரிப்டையே எடுத்துக்கொள். மோதியது யார் என்று வாங்கும் ஃபங்ஷனில் வெறுமனே 'பாடி' என்று எழுதியிருக்கிறாய். அது சுவரா, எதிரியா, கதாநாயகனா என்று சர்வருக்கு எப்படித் தெரியும்? புள்ளி வைத்தால் அது விழிக்கத்தான் செய்யும். எதிரியின் ஸ்கிரிப்டில் முதல் வரியாக 'கிளாஸ்_நேம் எனிமி' என்று எழுது. இங்கே வந்து 'இஃப் பாடி இஸ் எனிமி' என்று ஒரு வரி போட்டு, அதற்குக் கீழே 'பாடி' என்று அடித்துப் புள்ளி வை. நீ எழுதிய ஃபங்ஷன்கள் எல்லாம் வரிசையாக இறங்கும். டேமேஜுக்கு எத்தனை ஏ, எத்தனை ஈ என்று யோசிக்கவே வேண்டாம். பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டால், தோட்டா போய் எதிரி மேல் பட்ட பிறகுதான் எழுத்துப்பிழை தெரியவரும் என்ற கொடுமையும் இல்லை. எனக்கு இந்த ஒரு விஷயத்துக்காகவே டைப் போடுவது பிடித்துப்போனது. வேகம் கூடும் என்பார்கள், கூடட்டும். இந்தப் பட்டியல்தான் எனக்கு முக்கியம்.

கோடோவின் சொந்த எடிட்டர் மட்டம் என்று மட்டும் சொல்லாதே. ஸீன் ட்ரீ என்ற நோட் பட்டியலிலிருந்து ஒன்றை இழுத்து, கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு ஸ்கிரிப்டில் விட்டால், அந்த நோடை ஸ்கிரிப்டில் பிடித்து வைக்கும் 'ஆன்ரெடி' வரி தானாக விழும். சின்ன விளையாட்டுக்கு அதுவே தாராளம். நான் வெளியே வந்தது, இரண்டு ஸ்கிரிப்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும், கோடின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட் வேலையை அங்கேயே முடிக்கவும்தான்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. முதலில் எஞ்சினை மாற்றினாய். பிறகு தீம், பிறகு ஃபான்ட், இப்போது எடிட்டர். இரண்டாம் லெவலின் கதவு இன்னும் திறக்கவில்லை. எடிட்டரை மாற்றும்போது வேலை செய்வது போலவே இருக்கும், அந்தச் சுகம் எனக்கும் தெரியும். "சேகர் இதை முடிப்பானா?" என்று முரளி கேட்டபோது உனக்காகச் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். அந்த விளையாட்டில் மழை பெய்கிற விதம் ஒன்று போதும், யாரும் உட்கார்ந்து ஆடுவார்கள். அது உன் மெஷினுக்குள்ளேயே கிடந்து போகக் கூடாது.

அதனால் எக்ஸ்டென்ஷனைத் திரும்பப் போடு, போடாமல் இரு, உன் இஷ்டம். அந்தக் கதவு ஸ்கிரிப்டை மட்டும் இருக்கிறபடியே இந்த வாரம் எனக்கு அனுப்பு. அழகுபடுத்த உட்காராதே.

உன்,
ரகு

பி.கு.: வரியின் முன்னால் இடம்விடும் இன்டென்ட்டில் டேபையும் ஸ்பேஸையும் கலந்தால் ஜிடிஸ்கிரிப்ட் எரர் அடிக்கும். கோடோவின் வழக்கம் டேப்தான். உன் ஸ்பேஸ் கட்சிக்கு இங்கேயும் டெபாசிட் போச்சு.